ஏரன் பர்: வக்கீல், படை அதிகாரி, சட்டமன்ற உறுப்பினர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏரன் பர் யார்?

அமெரிக்காவின் மூன்றாவது துணைக் குடியரசுத் தலைவர். 1756 பிப்ரவரி 6 அன்று நியூ ஜெர்சியின் நூவர்க்கில் பிறந்தார். 1836 செப்டம்பர் 14 அன்று நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இறந்தார். எண்பது வயது வரை வாழ்ந்தவரை ஒரே ஒரு காலைப்பொழுதை வைத்துத்தான் பலருக்கும் தெரியும்: 1804 ஜூலை 11, அமெரிக்காவின் முதல் நிதியமைச்சராக இருந்த அலெக்சாண்டர் ஹாமில்ட்டனை அவர் சுட்ட நாள். அதற்கும் கீழே ஒரு கேள்வி இருக்கிறது. ஆனால் இங்கே அதிகம் பேசப்போவது அவருடைய தொழிலைப் பற்றி. போர்க்களம், நீதிமன்றம், சட்டமன்றம் என்று எங்கே போனாலும் அவருக்குள் இருந்தவர் வக்கீல்தான் என்பது என் எண்ணம். விதியின் வாசகத்தை எதிராளியைவிடக் கவனமாகப் படிப்பார். அதில்தான் உயர்ந்தார், அதில்தான் தப்பினார், கெட்ட பேரும் அதில்தான் வாங்கினார்.

வசதியான குடும்பமா?

பணத்தைவிடப் பெயர் பெரிது. அப்பாவின் பெயரும் ஏரன் பர்தான். பிரெஸ்பிட்டேரியன் போதகர், பின்னாளில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமாக வளர்ந்த நியூ ஜெர்சி கல்லூரியின் இரண்டாவது தலைவர். அம்மா எஸ்தர், அந்தக் காலத்தின் மிகப் புகழ்பெற்ற இறையியலாளர் ஜோனத்தன் எட்வர்ட்ஸின் மகள். ஆனால் 1757 செப்டம்பரில் அப்பா போனார். அவர் இடத்துக்குக் கல்லூரித் தலைவராக வந்த தாத்தா, அம்மைத் தடுப்புக் குத்திக்கொண்டதால் 1758 மார்ச்சில் இறந்தார். அடுத்த மாதம் அம்மா. அதே ஆண்டு அக்டோபரில் பாட்டி. மூன்று வயது ஆகுமுன் எல்லாரையும் இழந்த பையனையும் அவன் அக்கா சாலியையும் வளர்த்தவர் தாய்மாமன் திமொத்தி எட்வர்ட்ஸ். பதின்மூன்று வயதில் நேரே இரண்டாம் ஆண்டு வகுப்பில் கல்லூரியில் சேர்ந்து, 1772இல் பதினாறு வயதில் பட்டம் வாங்கிவிட்டார்.

போதகர் வீட்டுப் பிள்ளை போதகராகத்தான் வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. இறையியலும் கொஞ்ச நாள் படித்தார், ஒட்டவில்லை. 1774இல் கனெக்டிகட்டின் லிட்ச்ஃபீல்டில் தன் அக்காள் கணவர் டாப்பிங் ரீவிடம் சட்டம் படிக்கப் போனார். பிற்காலத்தில் லிட்ச்ஃபீல்டின் புகழ்பெற்ற சட்டப் பள்ளியை வளர்த்தவர் இதே ரீவ்தான்.

போரில் உண்மையிலேயே சண்டை போட்டாரா, பெயருக்கு அதிகாரியா?

நன்றாகவே போட்டார். 1775இல் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்து, பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போர் தொடங்கிய செய்தி வந்ததும் சட்டப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கிளம்பினார். வயது 19. பெனடிக்ட் ஆர்னல்டின் படையோடு மெய்ன் காடுகள் வழியாகக் கியூபெக் நகரை நோக்கி நடந்தார். அந்தப் பயணத்தில் உணவு தீர்ந்து, வீரர்கள் தோல் பொருட்களை வேகவைத்துத் தின்ற நிலை. பாதி வழியில் ஒரு பிரிவு திரும்பியே போய்விட்டது. கியூபெக்கில் ஜெனரல் ரிச்சர்ட் மான்ட்கோமரி இவரைத் தன் உதவி அதிகாரியாக வைத்துக்கொண்டார். டிசம்பர் 31 அன்று பனிப்புயலுக்கு நடுவே நடந்த தாக்குதலில் மான்ட்கோமரி செத்து விழுந்தபோது பர் அருகில் இருந்தார். ஜெனரலின் உடலைத் தோளில் தூக்கிக்கொண்டு பனியில் நடந்தார் என்ற கதை அப்போதே பரவி, அவருக்கு நாடு முழுக்கப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

1776இல் ஜார்ஜ் வாஷிங்டனின் தலைமையகத்தில் வேலை கிடைத்தது. சில நாட்களிலேயே அங்கிருந்து வெளியேறி ஜெனரல் இஸ்ரேல் புட்னமிடம் போய்விட்டார். வாஷிங்டனுக்கும் இவருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. பின்னாளில் அரசியலில் இதற்கு விலை கொடுத்தார். வாஷிங்டனின் நம்பிக்கையைப் பெற்ற ஹாமில்ட்டன் எங்கே போனார், பெறாத பர் எங்கே நின்றார் என்று பார்த்தாலே போதும்.

1777இல் லெப்டினன்ட் கர்னல். மால்கம் ரெஜிமென்ட்டுக்குப் பெயரளவில் வேறொருவர் தலைவர், நடத்தியது பர். 1778 ஜூன் 28, மான்மத் போரில் கொடும் வெயிலில் சுருண்டு விழுந்தார். உடம்பு அதற்குப் பிறகு சரியாகவில்லை. 1779 தொடக்கத்தில் வெஸ்ட்செஸ்டர் பகுதியில், இரண்டு படைகளுக்கும் நடுவே சிக்கி யார் வேண்டுமானாலும் கொள்ளையடிக்கலாம் என்றிருந்த நிலப்பரப்பில், காவல் பொறுப்பு கொடுத்தார்கள். கொள்ளையில் தன் படைவீரர்களுக்கே பங்கு இருப்பதைப் பார்த்து அதை முதலில் நிறுத்தினார். அந்த ஆண்டு மார்ச்சில் உடல்நிலையைக் காட்டி விலகிவிட்டார்.

வக்கீலானது எப்படி?

இதுவே ஒரு சட்ட வாதம்தான். நியூயார்க்கில் வக்கீலாக மூன்று ஆண்டு படிப்பு கட்டாயம். பர்ரிடம் அவ்வளவு இல்லை. போர் தொடங்குமுன்பே படிக்க ஆரம்பித்தவன், நாட்டுக்காகப் போனதால் படிப்பு நின்றது, அதற்காக என்னைத் தண்டிக்கலாமா என்று ஆல்பனியில் வாதாடி விலக்கு வாங்கினார். 1782இல் உரிமம் கிடைத்தது. அதே ஆண்டு தன்னைவிடப் பத்து வயது மூத்த தியடோசியா பார்ட்டோ பிரிவோஸ்ட்டை மணந்தார். அவர் ஒரு பிரிட்டிஷ் அதிகாரியின் விதவை. எதிரிப் படை அதிகாரியின் மனைவியை, அதுவும் ஐந்து பிள்ளைகளின் தாயை மணப்பதா என்று ஊர் பேசியிருக்கும், இவர் கண்டுகொள்ளவில்லை.

1783 கடைசியில் பிரிட்டிஷார் நியூயார்க் நகரத்தைக் காலி செய்தார்கள். ராஜ விசுவாசிகளான பழைய வக்கீல்கள் தொழில் செய்யத் தடை. வழக்குகளோ குவிந்து கிடந்தன: யார் வீட்டில் யார் குடியிருந்தது, யார் நிலத்தை யார் விற்றது என்று. இந்த வெற்றிடத்தில் நுழைந்த இளைஞர்களில் பர்ரும் ஹாமில்ட்டனும் முன்வரிசை. சில வழக்குகளில் எதிரெதிராக, சில வழக்குகளில் ஒரே பக்கமாக.

நீதிமன்றத்தில் இருவருக்கும் என்ன வித்தியாசம்?

ஹாமில்ட்டன் மணிக்கணக்கில் பேசுவார். தத்துவம், வரலாறு, கொள்கை எல்லாம் வரும். பர் சுருக்கம். வழக்கு எந்தப் புள்ளியில் நிற்கிறதோ அங்கே மட்டும் கைவைப்பார். இருவரும் சேர்ந்து நின்ற வழக்குகளில் புகழ்பெற்றது 1800இன் லெவி வீக்ஸ் கொலை வழக்கு. எல்மா சாண்ட்ஸ் என்ற இளம்பெண்ணின் உடல் ஒரு கிணற்றில் கிடைத்தது. அதே விடுதியில் தங்கியிருந்த தச்சுத் தொழிலாளி வீக்ஸ் மேல் ஊரே கோபமாக இருந்தது. பர், ஹாமில்ட்டன், பிராக்ஹோல்ஸ்ட் லிவிங்ஸ்டன் மூவரும் அவருக்காக வாதாடினார்கள். ஜூரி சில நிமிடங்களில் விடுதலை என்றது. அந்தக் கிணறு யாருடையது தெரியுமா? பர் தொடங்கிய தண்ணீர் கம்பெனியுடையது.

தண்ணீர் கம்பெனியா? அது என்ன கதை?

அவருடைய சட்டமன்ற வாழ்க்கையிலேயே மிகக் கெட்டிக்காரத்தனமான வேலை, மிக மோசமான வேலையும் கூட.

1798இல் நியூயார்க்கில் மஞ்சள் காய்ச்சல் வந்து ஏராளமானவர்கள் இறந்தார்கள். கெட்ட தண்ணீர்தான் காரணம் என்று அப்போது நம்பினார்கள். நல்ல தண்ணீர் கொண்டுவர ஒரு கம்பெனி வேண்டும் என்பதில் கட்சி வேறுபாடு இல்லை, ஹாமில்ட்டன்கூட ஆதரித்தார். மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த பர் இதற்கான மசோதாவைக் கொண்டுபோய், 1799 ஏப்ரலில் மேன்ஹாட்டன் கம்பெனிக்கு 20 லட்சம் டாலர் முதலீட்டோடு அனுமதி வாங்கிவிட்டார். கடைசி நேரத்தில் அதில் ஒரு வரி சேர்ந்தது. தண்ணீர் வேலைக்குப் போக மிஞ்சும் பணத்தை, சட்டத்துக்கு முரணில்லாத எந்தப் பணப் பரிமாற்றத்திலும் கம்பெனி போடலாம் என்று. கூட்டத்தொடர் முடியும் அவசரத்தில் பலர் அதைச் சரியாகப் படிக்கவில்லை.

அந்த ஒரு வரி ஒரு வங்கியின் பிறப்புச் சான்றிதழ். அதுவரை நகரத்தில் இருந்த இரண்டு வங்கிகளும் ஹாமில்ட்டனின் ஃபெடரலிஸ்ட் கட்சிக்காரர்கள் கையில் இருந்தன. எதிர்க்கட்சி வணிகருக்குக் கடன் கிடைப்பது கஷ்டம். புதிய வங்கிக்கு வெளிப்படையாக அனுமதி கேட்டால் கிடைக்காது. ஆகவே தண்ணீரைக் காட்டி வங்கி. செப்டம்பருக்குள் வங்கி திறந்தாயிற்று.

தண்ணீர்? மரக்கட்டைகளைத் துளைத்துக் குழாய் போட்டார்கள். தொலைவிலிருந்து நல்ல ஆற்றுநீர் கொண்டுவருவதற்குப் பதில் நகருக்குள்ளேயே கிணறு தோண்டினார்கள். நியூயார்க்குக்கு உண்மையான குடிநீர் 1842இல் குரோட்டன் கால்வாய் வந்தபோதுதான் கிடைத்தது. நடுவில் பல ஆண்டுகள், காலரா வந்த 1832 உட்பட, மக்கள் கெட்ட தண்ணீரையே குடித்தார்கள். பர்ரின் திறமையை ரசிப்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாக்காளர்கள் அப்போதே கோபப்பட்டார்கள். 1799 தேர்தலில் அவர் சட்டமன்ற இடம் போய்விட்டது.

அந்த வங்கி வழிவழியாக இணைந்து இணைந்து இன்றைக்கு ஜேபி மார்கன் சேஸ். ஹாமில்ட்டன் சுடப்பட்ட துப்பாக்கி ஜோடியும் இப்போது அந்த வங்கியிடம்தான் இருக்கிறது.

சட்டமன்றத்தில் நல்லதாக எதுவும் செய்யவில்லையா?

செய்தார். 1784–85இல் முதன்முறை நியூயார்க் சட்டமன்றத்தில் இருந்தபோது, அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் மசோதா வந்தது. படிப்படியாக வேண்டாம், உடனே ஒழிக்கலாம் என்ற பக்கம் நின்றார் பர். அந்த யோசனை தோற்றது. ஆனால் அவர் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1789இல் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல். 1791இல் ஹாமில்ட்டனின் மாமனார் பிலிப் ஸ்கைலரைத் தோற்கடித்து அமெரிக்க செனட்டுக்குப் போனார். பகை வேர்விட்ட இடம் இதுவென்றே சொல்லலாம். செனட்டில் ஆறு ஆண்டு இருந்தார். 1798இல் மறுபடி மாநிலச் சட்டமன்றம்.

1800 தேர்தலில் என்ன குழப்பம்?

அமெரிக்காவில் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடுபவர்கள் ஒவ்வொரு மாநிலத்தின் தேர்வாளர்கள். அப்போது நியூயார்க்கின் 12 தேர்வாளர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாநிலச் சட்டமன்றம் தேர்ந்தெடுத்தது. ஆக, நியூயார்க் நகரத்தின் 13 சட்டமன்ற இடங்களை யார் பிடிக்கிறாரோ அவர் கையில் நாடு. பர் இதை எல்லாருக்கும் முன்பே புரிந்துகொண்டார். முன்னாள் ஆளுநர் ஜார்ஜ் கிளின்டன், ஜெனரல் ஹொரேஷியோ கேட்ஸ் போன்ற பெரிய பெயர்களை வெறும் சட்டமன்ற இடத்துக்கு நிற்கச் சம்மதிக்க வைத்தார். வாக்காளர் பட்டியல் போட்டு, யார் எந்தப் பக்கம், யார் எவ்வளவு நன்கொடை தருவார், யாரை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று குறித்தார். தெருத்தெருவாகப் பேசினார். கனவான்கள் வாக்குக் கேட்டு அலைவது கேவலம் என்று நினைத்த காலம் அது. 13 இடங்களும் கிடைத்தன. இன்றைய தேர்தல் வேலை எல்லாவற்றுக்கும் அவர்தான் தகப்பன் என்று சொல்வது கொஞ்சம் மிகை, ஆனால் பெரிய மிகை இல்லை.

இனித்தான் சிக்கல். அன்றைய அரசியல் சட்டப்படி ஒவ்வொரு தேர்வாளருக்கும் இரண்டு ஓட்டு. இது குடியரசுத் தலைவருக்கு, அது துணைத் தலைவருக்கு என்று பிரித்துக் குறிக்க வழியில்லை. கட்சி ஒழுங்காக ஓட்டுப் போட்டதால் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளர் தாமஸ் ஜெஃபர்சனுக்கு 73, பர்ருக்கும் 73. பதவியிலிருந்த ஜான் ஆடம்ஸுக்கு 65. முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. அங்கே மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. 16 மாநிலங்களில் 9 வேண்டும். ஜெஃபர்சனுக்கு 8, பர்ருக்கு 6, இரண்டு மாநிலங்கள் தங்களுக்குள்ளேயே பிளவு. 1801 பிப்ரவரி 11 தொடங்கி 17 வரை இழுத்து, 36ஆவது சுற்றில் டெலவேரின் ஜேம்ஸ் பேயார்ட் பின்வாங்கியதும் ஜெஃபர்சன் வென்றார்.

பர் விட்டுக்கொடுத்திருக்கலாமே?

அதைத்தான் எல்லாரும் கேட்டார்கள். முதலில் ஜெஃபர்சனுக்குப் போட்டியில்லை என்ற தொனியில் எழுதினார். அப்புறம், நான் வென்றாலும் பதவி ஏற்க மாட்டேன் என்று எழுதச் சொன்னபோது வாய் திறக்கவில்லை. ஃபெடரலிஸ்ட்டுகளோடு பேரம் பேசினார் என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. ஹாமில்ட்டனோ பர்ரைவிட ஜெஃபர்சன் மேல் என்று தன் கட்சிக்காரர்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். என்னைக் கேட்டால், பர் எந்த விதியையும் மீறவில்லை. ஆனால் சும்மா இருந்ததே ஜெஃபர்சனுக்குப் போதும். துணைத் தலைவரான பிறகு நியமனங்களில் பர்ரின் ஆட்களுக்கு இடமில்லை; 1804 தேர்தலில் அவருக்குப் பதில் கிளின்டன். இரண்டு பதவிக்கும் தனித்தனி ஓட்டு என்ற பன்னிரண்டாவது திருத்தம் 1804இல் வந்தது இந்தக் கூத்தால்தான்.

துப்பாக்கிச் சண்டை ஏன் நடந்தது?

துணைத் தலைவர் பதவி கைவிட்டுப் போகும் என்று தெரிந்ததும் 1804இல் நியூயார்க் ஆளுநர் தேர்தலில் நின்று மார்கன் லூயிஸிடம் படுதோல்வி அடைந்தார். அந்தச் சமயம் ஆல்பனி பத்திரிகையில் டாக்டர் சார்லஸ் கூப்பரின் கடிதம் ஒன்று வெளியானது. பர்ரைப் பற்றி ஹாமில்ட்டன் ஒரு விருந்தில் இன்னும் கேவலமான கருத்து ஒன்றைச் சொன்னார் என்று அதில் இருந்தது. என்ன கருத்து என்று இல்லை. பர் விளக்கம் கேட்டார், ஹாமில்ட்டன் வார்த்தை விளையாட்டில் பதில் சொன்னார், கடிதங்கள் மோசமாகிக்கொண்டே போயின. நியூ ஜெர்சியின் வீஹாக்கனில், மூன்று ஆண்டுக்கு முன் ஹாமில்ட்டனின் மகன் பிலிப் இதே மாதிரி சண்டையில் சுடப்பட்ட பகுதியில், இருவரும் நின்றார்கள். மறுநாள் ஹாமில்ட்டன் இறந்தார். நியூயார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் பர் மேல் குற்றச்சாட்டு பதிவானது. இரண்டிலும் விசாரணை நடக்கவில்லை.

கொலைக் குற்றச்சாட்டோடு செனட்டுக்குத் தலைமை தாங்கினாரா?

ஆமாம். துணைத் தலைவர்தானே செனட்டின் தலைவர். 1805 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதி சாமுவேல் சேஸைப் பதவிநீக்கும் விசாரணை வந்தது. வழக்கமாகக் கொலைகாரனை நீதிபதி முன் நிறுத்துவார்கள், இங்கே நீதிபதியைக் கொலைகாரன் முன் நிறுத்தியிருக்கிறார்கள் என்று கிண்டல் கிளம்பியது. ஆனால் விசாரணையை அவர் நடத்திய விதத்தை எதிரிகளே பாராட்டினார்கள். விசாரணை நடக்கும்போது ஆப்பிள் தின்னாதீர்கள், உலாவாதீர்கள் என்று செனட்டர்களையே கண்டித்தார். தன் கட்சி சேஸை வீட்டுக்கு அனுப்பத் துடித்தும் ஒரு பக்கம் சாயவில்லை. எந்தக் குற்றச்சாட்டிலும் தேவையான 23 ஓட்டு வரவில்லை, சேஸ் தப்பினார். நீதிபதிகளைத் தீர்ப்புக்காகப் பதவிநீக்கும் வழக்கம் அமெரிக்காவில் வேர்பிடிக்காமல் போனதற்கு இந்த விசாரணை ஒரு முக்கியக் காரணம். தீர்ப்புக்கு மறுநாள், மார்ச் 2, செனட்டில் விடைபெற்றுப் பேசினார். அரசியல் சட்டம் என்றைக்காவது சாக நேர்ந்தால் அதன் கடைசி மூச்சு இந்த மன்றத்தில்தான் பிரியும் என்றார். செனட்டர்கள் அழுதார்கள்.

தேசத் துரோக வழக்கு உண்மையா, ஜோடிப்பா?

இரண்டுக்கும் நடுவில். 1805–06இல் பர் மேற்கே ஒஹையோ, மிசிசிப்பி ஆற்றுப் பகுதிகளில் சுற்றினார். ஸ்பெயினோடு போர் வந்தால் மெக்சிகோவைப் பிடிப்பதா, மேற்கு மாநிலங்களைப் பிரிப்பதா, நிலம் வாங்கிக் குடியேறுவதா? கேட்டவருக்கு ஏற்ப வேறு வேறு கதை சொன்னார். கூட்டாளி ஜெனரல் ஜேம்ஸ் வில்கின்சன், அமெரிக்கப் படையின் தலைமை அதிகாரி. அவர் ஸ்பெயினிடம் ரகசியமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார் என்பது பின்னால் ஸ்பானிய ஆவணங்களில் உறுதியானது. நிலைமை மாறுவதைப் பார்த்த வில்கின்சன், சங்கேதக் கடிதம் ஒன்றைத் திருத்தி ஜெஃபர்சனுக்கு அனுப்பி, பர்ரைக் காட்டிக்கொடுத்தார். விசாரணைக்கு முன்பே, 1807 ஜனவரியில், பர்ரின் குற்றத்தில் சந்தேகமே இல்லை என்று ஜெஃபர்சன் நாடாளுமன்றத்துக்கு எழுதிவிட்டார்.

ரிச்மண்டில் 1807 ஆகஸ்ட்டில் விசாரணை. நீதிபதி இடத்தில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல். அவரும் போர்க்கால அதிகாரி, வக்கீல், சட்டமன்ற உறுப்பினர். ஜெஃபர்சனுக்கு உறவினர், ஆனால் ஆகாது. பர்ருக்கு எட்மண்ட் ரேண்டால்ஃப், லூதர் மார்ட்டின், ஜான் விக்கம் என்று பெரிய வக்கீல் பட்டாளம். ஆனாலும் வாதத்தைத் திட்டமிட்டதில் பர்ருக்கே முக்கியப் பங்கு.

அரசியல் சட்டத்தின் மூன்றாம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: துரோகம் என்றால் நாட்டுக்கு எதிராகப் போர் தொடுப்பது அல்லது எதிரிக்கு உதவுவது, அதே வெளிப்படையான செயலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். அரசுத் தரப்பு சொன்ன செயல், 1806 டிசம்பர் 10 அன்று ஒஹையோ ஆற்றில் பிளென்னர்ஹாசெட் தீவில் ஆட்கள் கூடியது. அன்று பர் அங்கே இல்லை, கென்டக்கியில் இருந்தார். வில்லியம் வர்ட் அரசுக்காக அருமையாகப் பேசினார். தீவின் சொந்தக்காரரான அப்பாவி பிளென்னர்ஹாசெட்டின் சொர்க்கத்தில் நுழைந்த பாம்பு பர் என்றார். மார்ஷலோ விதியைப் பிடித்துக்கொண்டார். ஜூரியின் தீர்ப்பு செப்டம்பர் 1 அன்று வந்தது: எங்கள் முன் வைத்த சாட்சியத்தால், இந்தக் குற்றச்சாட்டின் கீழ், அவர் குற்றவாளி என்று நிரூபிக்கப்படவில்லை. இப்படிச் சுற்றிச் சொல்லாமல் நேராகச் சொல்லுங்கள் என்று பர் ஆட்சேபம் தெரிவித்தார். பதிவேட்டில் "குற்றவாளி அல்ல" என்றே ஏறியது.

இந்த வழக்கில் இன்னொரு விஷயம். கையில் இருந்த கடிதங்களைத் தரச் சொல்லி ஜெஃபர்சனுக்கே அழைப்பாணை அனுப்ப வேண்டும் என்று பர் கேட்டார், மார்ஷல் அனுப்பினார். நாட்டின் தலைவரும் நீதிமன்ற ஆணைக்கு விலக்கில்லை என்ற வாதம் வரும்போதெல்லாம், 1974இல் குடியரசுத் தலைவர் நிக்சனின் ஒலிநாடா வழக்கு உட்பட, இந்த 1807 முன்னுதாரணம் மேற்கோளாக வருகிறது. அமெரிக்கச் சட்டத்துக்கு பர் விட்டுச்சென்ற பெரிய சொத்து இதுதான். அவர் அதை உத்தேசித்தாரா என்றால் இல்லை. தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளக் கேட்டார்.

அதற்குப் பிறகு?

கடன்காரர்களிடமிருந்து 1808இல் ஐரோப்பாவுக்கு ஓடினார். லண்டனில் தத்துவஞானி ஜெரமி பெந்தமின் வீட்டில் தங்கினார். 1812இல் திரும்பி, நியூயார்க்கில் மறுபடி வக்கீல் பலகை மாட்டினார். அந்த ஆண்டே பேரன் இறந்தான். லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்து வளர்த்த ஒரே மகள் தியடோசியா, அப்பாவைப் பார்க்க டிசம்பர் கடைசியில் தென் கரோலினாவிலிருந்து கப்பல் ஏறினார். அந்தக் கப்பல் வந்து சேரவேயில்லை.

இருபது ஆண்டுக்கு மேல் தொழில் செய்தார். 1833இல் பணக்கார விதவை எலைசா ஜூமெலை மணந்தார். அவர் பணத்தை இவர் கரைக்கிறார் என்று சீக்கிரமே பிரிவு. எலைசாவின் வக்கீல் அலெக்சாண்டர் ஹாமில்ட்டன் ஜூனியர், சுடப்பட்டவரின் மகன். விவாகரத்து உறுதியான நாளும் பர் இறந்த நாளும் ஒன்றே.

வாரிசுகள் இருக்கிறார்களா?

தியடோசியா வழியில் யாரும் இல்லை. ஆனால் பர் வீட்டில் வேலை பார்த்த மேரி எமன்ஸ் என்ற பெண்ணுக்கும் இவருக்கும் இரண்டு பிள்ளைகள் என்பது அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வந்த செய்தி. மேரி கல்கத்தாவில் பிறந்தவர் என்றும் சொல்வார்கள். மகன் ஜான் பியர் பர், பிலடெல்ஃபியாவில் முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே தப்பிவந்த அடிமைகளுக்கு அடைக்கலம் கொடுத்தவர். ஏரன் பர் சங்கம் 2018இல் இந்த உறவை ஏற்றுக்கொண்டது; பர்ரின் மகன் என்று பொறித்த கல் இப்போது ஜான் பியரின் கல்லறையில் இருக்கிறது.